மைதானத்தின் பூட்டு

ஆடி 5, திங்கள். காற்று, புழுதி.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. பின்னால் இதைப் படிக்கப்போகும் நானே பொறுத்துக்கொள்ள வேண்டும். விரல் கம்பைப் பிடிக்கிற மாதிரிதான் பேனாவையும் பிடிக்கிறது. கோட்டுக்கு மேலே ஏறும், கீழே இறங்கும். ஆனாலும் என் எழுத்து. எழுபத்தோரு வயதில் வந்தது.

பேச்சியம்மா டீச்சர் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறாள். மில் வேலை முடிந்து வந்து, ரேஷன் கடைக்குப் பின்னால் எங்கள் ஒன்பது பேருக்கும் சொல்லித் தருகிறவள். எதை எழுத என்றேன். "மனசுல கெடக்கத எழுதுங்க மாமா" என்றாள். மனசில் கிடப்பது தாளாளர். அந்தச் சொல்லை எழுதினால் கை கடுக்கிறது. இனிமேல் தா.

நான் தா.வின் பள்ளிக்கூடத்தில் காவலாள். ராஜபாளையத்தில் மலைக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. வேலை: கேட்டைத் திறப்பது, மைதானத்தைப் பூட்டியே வைப்பது, கொப்பரைக்குக் காவல். தா.வின் தோப்புத் தேங்காய் முழுதும் பள்ளி மைதானத்தில்தான் காயும். காக்கையும் பிள்ளைகளும் வரக்கூடாது. இரண்டுக்கும் ஒரே கம்பு. மைதானத்துப் பூட்டுகூட என்னுடையது. ஒன்று வாங்கித் தரச் சொன்னதற்கு, "உம்ம வீட்ல இல்லாத பூட்டா வே" என்றான். கொண்டுவந்து மாட்டினேன். என் வீட்டில் திருட ஒன்றும் இல்லை.

ஆடி 6, செவ்வாய். வெயில்.

வத்திராயிருப்பு பஸ் பலகையைப் படித்தேன். 'வத்திரா' முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. மீதியை மனதில் சேர்த்தேன். நாள் முழுக்க அந்தச் சந்தோஷம்.

பள்ளியில் அமளி. நல்ல சாப்பாடும் விளையாட்டும் கொடுக்கிற பள்ளி என்று பட்டம் தருகிறார்களாம். வியாழக்கிழமை வில்லிபுத்தூரிலிருந்து குழு வருகிறது. பட்டம் கிடைத்தால் தா. வாசலில் பெரிய பலகை மாட்டுவான்.

இன்று நடந்தவை:
கொப்பரை மூட்டை கட்டி ஆறாம் வகுப்புக்குள். ஆறாம் வகுப்பு வராந்தாவில்.
கேன்டீன் சிப்ஸ் பெட்டிகள் என் அறையில். உட்கார இடமில்லை.
சுண்டலுக்கும் கொய்யாவுக்கும் சொல்லியாயிற்று. ஒரு நாளைக்கு மட்டும்.
மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு.
பி.டி. மாஸ்டருக்கு ஒரு விசில். இத்தனை நாளும் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிடுவதுதான் அவர் வேலை. ஊத மறக்கவில்லை.

ஆடி 7, புதன். சாரல்.

ஒத்திகை. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஒன்று மட்டும் நின்று கேட்டது: "காக்கா தாத்தா, நாளான்னைக்கும் விடுவீரா?"

"ஓடுலே" என்றேன்.

இந்தப் பெயரால்தான் படிக்கவே போனேன். கேட்டில் சாக்பீஸால் என்னவோ எழுதிவிட்டுச் சிரிப்பார்கள். அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். நானாகப் படித்த முதல் வரி அதுதான். காக்கா தாத்தா. கோபம் வந்தது. படித்துவிட்டேனே என்று சிரிப்பும் வந்தது. அழிக்கவில்லை.

மாலையில் தா. கூப்பிட்டான். நாளை ஒரு தாளில் கைநாட்டு வைக்க வேண்டுமாம்.

"என்ன தாளு?"

"உமக்கு என்னத்துக்கு? வச்சமா போனமான்னு இரும்."

எனக்குப் படிக்க வரும் என்பது அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. டீச்சரிடம் சொன்னேன். "ஏடாகூடமா எதுவும் பண்ணாதீங்க மாமா. வேல போயிரும்" என்றாள். போனால் ஆலங்குளத்தில் மகன் வீடுதான். மருமகள் நல்லவள். ஆனால் அங்கே வகுப்பு கிடையாது. பாதிப் படிப்பில் நிற்பேன்.

ஆடி 8, வியாழன். நல்ல வெயில்.

வந்தவர்கள் மூன்று பேர். அதில் பெரிய அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடி, சிரிப்பு கிடையாது. சுண்டலை வாயில் போட்டுப் பார்த்தார். ஆறாம் வகுப்புப் பக்கம் நின்றார்.

"தேங்காய் வாசனை வருதே?"

"சுண்டலுக்குத் துருவுனது மேடம்" என்றான் தா.

மூட்டை மூட்டையாகத் துருவினான் போல.

பிறகு தாள். "இவருக்கு எழுதப் படிக்க வராது மேடம், கைநாட்டுதான்" என்று மைப்பெட்டியை நீட்டினான்.

"படிச்சுட்டு வைக்கேன்" என்றேன்.

ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். இந்த மைதானம் தினமும் காலையும் மாலையும் பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கிறது என்பதைக் காவலாளாகிய நான் அறிவேன்.

"மேடத்துக்கு நேரமாகுது, பெரியவரே." ஏழு வருஷத்தில் முதல் பெரியவரே.

"படிக்கட்டும்" என்றார் அந்த அம்மா.

பேனா கேட்டேன். தா. சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான். அந்த அம்மா தன்னுடையதைக் கொடுத்தார். அடியில் எழுதினேன்: பொய். பூட்டித்தான் இருக்கும். உள்ளே கொப்பரை காயும். பிள்ளைகளைக் கம்பு எடுத்து விரட்டுவது நான். வேலுச்சாமி.

முடிப்பதற்குள் அவர்கள் டீயில் ஆடை படிந்துவிட்டது. தா.வின் முகத்தைப் பார்க்க ஆசை. நிமிர்ந்தால் எழுத்து தப்பிவிடும்.

அந்த அம்மா படித்தார். "எத்தனை வருஷமா?"

"ஏழு."

"அப்ப ஏழு வருஷமா நீங்களும் விரட்டிட்டுத்தானே இருந்திருக்கீங்க?"

ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் மீதும் எனக்குக் கோபம். கேட்டது சரிதான், அதனால் கூடுதல் கோபம்.

ஆறாம் வகுப்பைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

ஆடி 9, வெள்ளி. மறுபடி காற்று.

பட்டம் இப்போதைக்கு இல்லை. இன்னொரு நாள், சொல்லாமல் வந்து பார்ப்பார்களாம்.

தா. கேட்டிலேயே நின்றான். "எவன் வே உமக்கு எழுத்து சொல்லிக் குடுத்தது?"

"எவனும் இல்ல. ஒரு பொம்பளப்பிள்ள."

"சாவிய வச்சுட்டுக் கெளம்பும். இனிமே இந்தப் பக்கம் வரப்பிடாது."

ஒரு சாவியைக் கழற்றிக்கொண்டு மீதிக் கொத்தை வைத்தேன். மைதானத்துக்குப் போய்ப் பூட்டைத் திறந்து மடியில் கட்டினேன்.

"பூட்ட எங்க வே கொண்டுபோறீரு?"

"எங்க வீட்ல இல்லாத பூட்டான்னு கேட்டீரே. அதான் வீட்டுக்குப் போகுது."

இடைவேளை மணி அடித்தது. ஒரு பிள்ளை மைதானத்துக் கேட்டைத் தள்ளிப் பார்த்தது. திறந்தது. பிறகு எல்லாம் உள்ளே. ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திட்டியிருப்பேன்.

பூட்டு இப்போது இந்த நோட்டின் மேல். காற்றுக்குத் தாள் பறக்காமல் இருக்கிறது. ஆலங்குளம் போவது பிறகு. திங்கள் முதல் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்காரப் போகிறேன். புதுப் பூட்டு மாட்டினானா என்று பார்த்து இதில் எழுதுவேன். மாட்டியிருந்தால் அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம். முகவரியில் வில்லிபுத்தூருக்கு முன்னால் போடுகிற எழுத்து மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. அடுத்த வாரத்துக்குள் வந்துவிடும்.