அடையாளக் கட்டம்

3 நவம்பர் 2025, திங்கள்

அவளுடையதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று ஊரில் கிளை வைத்திருக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறது. மூன்றிலும் மூன்று விதமான சாஃப்ட்வேர். அவை ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் 'நோயாளி' என்றால் பெயர், வயது என்று நிரப்ப என்னென்ன கட்டங்கள், எது கட்டாயம், எதை வைத்து ஆளை அடையாளம் காண்பது என்று முதலில் ஒரு வரையறை வேண்டும். நானும் ஜாஸ்பினும் தனித்தனியாக எழுதினோம். மூன்று வாரம் உட்கார்ந்து நாற்பத்தாறு கட்டங்கள் போட்டேன். அவள் பதினெட்டில் முடித்துவிட்டாள். "இதுதான் மக்கா வேணும், கிளீனா இருக்கு" என்றார் மேனேஜர் நாராயணபெருமாள். அவள் வந்து ஒன்றரை வருஷம். நான் ஏழு வருஷமாக இருக்கிறேன், ஒரு நாளாவது என்னை மக்கா என்று கூப்பிட்டிருக்கிறாரா?

ஜனவரியில் டீம் லீடர் இடம் காலியாகிறது. இனி அது யாருக்கென்று சொல்லவா வேண்டும்.

4 நவம்பர்

ஜாஸ்பின் ஏத்தங்காய் சிப்ஸ் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். அவள் எழுந்து போன நேரம் மூன்று எடுத்துத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, சனியன்.

6 நவம்பர், வியாழன்

அவள் எழுதியதைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. பத்து மணிக்கே கண்டுபிடித்துவிட்டேன். அடையாளக் கட்டத்தில் போன் நம்பரை வைத்திருக்கிறாள்! அதே நம்பரில் இன்னொருவர் வந்தால் பழைய ஆளோடு சேர்த்துவிடும். மஸ்கட்டில் வளர்ந்தவள், அங்கே ஆளுக்கொரு போன். மணவாளக்குறிச்சிப் பக்கம் வந்து பார்க்கட்டும், ஒரு வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே நம்பர்தான் கொடுப்பார்கள். என் அம்மாவும் எங்கே போனாலும் என் நம்பரைத்தான் கொடுக்கிறாள். அம்மாவுக்குப் பென்சிலின் ஆகாது, எனக்கு ஆகும். இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிட்டால்?

குறிப்பு எழுதப் போனேன். அந்த நேரம் பார்த்து அவள் சாரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எழுதவில்லை. 'சரிபார்த்தேன்' என்று என் பெயரைப் போட்டுவிட்டேன்.

பதினேழாம் தேதி டாக்டர்கள் முன்னால் இதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டப் போகிறார்கள். அங்கே வைத்துச் சொல்லுகேன். எல்லாரும் பார்க்கட்டும்.

11 நவம்பர்

சோறு இறங்கவில்லை. "ஏட்டி, யாருகூட சண்ட போட்டுட்டு வந்த?" என்கிறாள் அம்மா. நிஜ நோயாளிக்கு இது இன்னும் போகவில்லையே, வெறும் காட்டுவதுதானே, யாருக்கு என்ன கேடு? — இப்படியே சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

14 நவம்பர், வெள்ளி

ஜாஸ்பின் வந்து கேட்டாள்: "அக்கா, வேற ஏதாவது மாத்தணுமா? நீங்க பாத்தாத்தான் எனக்கு தைரியம்."

"ஒண்ணுமில்ல, நல்லாருக்கு" என்றேன்.

17 நவம்பர், திங்கள்

சொன்னேன். நான்கு டாக்டர்கள் இருந்தார்கள். கையைத் தூக்கி, "ஒரே வீட்டுல மாமியாரும் மருமகளும் ஒரே நம்பர் குடுத்தா?" என்று கேட்டேன். ஜாஸ்பினே தட்டிப் பார்த்தாள். மருமகளின் பெயருக்கு நேரே மாமியாரின் மருந்தெல்லாம் வந்து நின்றது. ஒரு டாக்டர் "ஐயையோ" என்றார். ஜாஸ்பினின் முகம் வெளுத்துப்போனது. எனக்கு மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்.

அவர்கள் போன பிறகு சார் சரிபார்ப்பு ஷீட்டைத் திறந்தார். "பிந்து, பேரு போட்டது நீயாக்கும். அப்போ இது உன் கண்ணுல படலியா? இல்ல, பட்டும் சொல்லலியா?"

படவில்லை என்றால் ஏழு வருஷம் வேலை பார்த்ததற்கே அர்த்தமில்லை. பட்டது என்றால்... "கவனிக்கல சார்" என்றேன். அவர் நம்பவில்லை. ஜாஸ்பினும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவளை தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. பாவி நான், வெள்ளிக்கிழமையாவது அவகிட்ட சொல்லிருக்கலாம்லா!

24 நவம்பர்

சரிபார்க்கும் வேலை இனி ஜாஸ்பினுக்கு. நான் எழுதுவதையும் அவள்தான் பார்ப்பாளாம்.

3 டிசம்பர், புதன்

மருந்துச் சீட்டுக்கான வரையறையை எழுதி அனுப்பினேன். பத்து நிமிஷம் கழிந்து ஜாஸ்பின் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மருந்தின் அளவு கட்டாயமில்லை என்று விட்டிருக்கிறேன்! எத்தனை பெரிய தப்பு. சார் எதிரில்தான் இருந்தார். அவள் குரலைத் தாழ்த்தி, "அக்கா, இத மாத்திட்டு திருப்பி அனுப்புங்க. நான் இன்னும் ஷீட்டுல ஒண்ணும் எழுதல" என்றாள்.

மாற்றினேன். நன்றி சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள், முகத்தைப் பார்க்கவில்லை.

என்மேல் அவ்வளவு கோபம் இருந்தும் வந்து சொன்னாளே. எனக்கு ஏன் அது வரல? இதுக்கும் அவளப் பாத்து வயிறு எரியுது.