எட்டு கேட்டவனுக்கு ஒன்று

மே 6

கம்பெனியிடமிருந்து பதில் வந்துவிட்டது. "தங்கள் கோரிக்கையைப் பரிசீலித்தோம். இப்போதைக்கு இயலாது." ஏன் இயலாது, எப்போது இயலும் — அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கீழே "இந்தப் பதில் உதவியாக இருந்ததா?" என்று ஒரு கேள்வி வேறு. கொழுப்பு.

நான் என்ன ராஜ்யமா கேட்டேன்? ஜி.பி.யூ. எங்கேயோ ஏ.சி. கட்டடத்தில் அடுக்கி வைத்திருக்கிற, அசுர வேகத்தில் கணக்குப் போடும் அட்டை. இன்டர்நெட் வழியாக வாடகைக்குத் தருகிறார்கள். தருகிறார்கள் என்று பேர்தான். புதுசாகக் கணக்கு தொடங்கியவனுக்கு அனுமதி பூஜ்யம். விண்ணப்பம் போட்டுக் கெஞ்ச வேண்டும்.

அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்தபிறகு கை, கால் எல்லாம் தேறிவிட்டன. பேச்சு மட்டும் இன்னும் குழறுகிறது. அவள் கணக்கு டீச்சர். பள்ளி திறக்கும்போது வகுப்பெடுக்க வரலாம், ஆனால் பிள்ளைகளுக்குப் புரியவேண்டும், இல்லையென்றால் நூலகத்தில் உட்காரட்டும் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். அக்கா நூலகத்திலா? அங்கே சத்தம் போடக்கூடாதே, செத்துப்போவாள்.

என் திட்டம்: அவள் பேசப் பேச, பின்னால் திரையில் எழுத்தாக ஓடவேண்டும். கடையில் கிடைக்கிற ஆப் எல்லாம் அவள் பேச்சைக் கேட்டு அவளைவிட மோசமாக உளறுகிறது. அதனால் அவள் குரலை வைத்தே, பேச்சை எழுத்தாக்கும் ஏ.ஐ. மாடல் ஒன்றைப் பழக்கவேண்டும். என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். போகிற வேகத்தில் அக்கா ரிட்டயர் ஆகிவிடுவாள்.

மே 9

மறுபடி விண்ணப்பம். மறுபடி கையை விரித்துவிட்டான்.

மே 11

குரல் பதிவுக்காக அக்கா வீட்டுக்குப் போனேன். நான் எழுதிக்கொடுத்த வாக்கியங்களைத் தூக்குத் தண்டனைத் தீர்ப்பு வாசிப்பதுபோல் வாசித்தாள். நடுவே நிறுத்தி என்னிடம் ஏதோ கேட்டாள். புரியவில்லை. வழக்கம்போல "ஆமாக்கா" என்றேன்.

முறைத்தாள். சமையலறையிலிருந்து அத்தான் எட்டிப் பார்த்தார். "மச்சான், நீ என்ன முட்டாளான்னு கேட்டா. நீ ஆமான்னுட்டே."

மூணு பேரும் சிரித்தோம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கூடப் பிறந்தவள் பேசுவது எனக்குப் புரியவில்லை, அத்தானுக்கு அடுப்படியிலிருந்தே புரிகிறது. போன மாதம் கரன்ட் ஆபீஸுக்கு போன் பண்ணினாளாம். "யாரோ குடிச்சிட்டுப் பேசறாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்களாம். அன்றோடு போனைத் தொடுவதில்லை. நாசமாய்ப் போக அந்த ஆபீஸ்.

மே 14

பதிவுகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவள் சொன்னதை எழுதவேண்டும். இல்லாவிட்டால் மாடல் எதைப் பார்த்துப் படிக்கும்? ஒரே துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பிடிபடாததற்கெல்லாம் அத்தானைக் கூப்பிடுகிறேன். "இதுகூடவா புரியல?" என்கிறார். ரொம்பத்தான்.

மே 17

மூணாவது தடவையும் முடியாதாம்! என்ன நெனச்சிட்டிருக்கான் இவன்? பள்ளி திறக்கப் போகுது, இவன் பரிசீலிக்கிறானாம் பரிசீலிக்கிறான்.

கடுப்பில் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்தேன். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா விண்ணப்பத்தை வாங்கிப் படித்தாள். சிவப்புப் பேனா கையில் இல்லாததுதான் குறை.

"எதுக்குடா எட்டு?"

"எட்டு கேட்டாதான்கா நாலாவது தருவான். நாலுன்னா ரெண்டு, அப்படியே பேசி…"

"உனக்கு எத்தனை வேணும்?"

"ஒண்ணு."

தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது மெஷின்டா. அதுக்கு பேரம் பேசத் தெரியுமா? எட்டு குடுக்கலாமா, கூடாது, அவ்வளவுதான். ஒண்ணு வேணும்னா ஒண்ணு கேளு. அதுலயும் புதுசுதான் வேணும்னு நிக்காதே. பழசுக்கு எவன் அடிச்சிக்கப் போறான்?"

மாடல், பயிற்சி என்று வாய் கிழியப் பேசுகிறவன் நான். காய்கறிக் கடை புத்தி போகவில்லை.

மே 18

பழைய ரக அட்டை, ஒன்று. விண்ணப்பித்துவிட்டுக் காபி குடித்து வந்தேன். அனுமதி வந்திருந்தது. அக்காவிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மே 20

அனுமதி இருக்கிறது, அட்டை இல்லை. "தற்போது காலி இல்லை, பிறகு முயலவும்." டோக்கன் கையில், சாப்பாடு தீர்ந்துபோச்சு. அலுவலகக் கூட்டத்தில் மேஜைக்கு அடியில் போனில் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். திடீரென்று கிடைத்தது. "கிடைச்சிருச்சு!" என்று கத்திவிட்டேன்.

மேனேஜர் பேச்சை நிறுத்தினார். "என்ன கிடைச்சிது?"

"தெளிவு, சார்."

அவருக்கு ஒரே சந்தோஷம்.

மே 22

பயிற்சி முடிந்தது. அக்காவைப் பேசவிட்டுப் பார்த்தோம். கணக்குப் பாடம் சொன்னால் திரையில் குப்பை. என்னைத் திட்டினால் ஒரு எழுத்து பிசகவில்லை! "மசமசன்னு நிக்காதே, சோம்பேறி" — அச்சு அசலாக வருகிறது.

ஏன் என்று பிறகு விளங்கியது. வாக்கியங்களை அவள் பிணக்குரலில் வாசித்தாள். நடுநடுவே என்னைத் திட்டியதுதான் உயிரோடு இருந்தது. நான் ஒரு மேதாவி, அதையும் விடாமல் எழுதிப் பழக்கியிருக்கிறேன்.

அக்கா சிரிக்கவில்லை. "நூலகத்துலயே உட்கார்ந்துக்கறேன், விடுடா" என்றாள். விடமாட்டேன்.

மே 24

இன்று பதிவுக்கு வாசிப்பு கிடையாது, நிஜ வகுப்பு. கூடத்தில் அத்தான்தான் மாணவன். அக்கா பின்னம் நடத்தினாள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டதற்கு, அத்தான் ஐந்தில் இரண்டு என்றார்.

"மேல இருக்கிறதை மேலயும் கீழ இருக்கிறதைக் கீழயும் கூட்டுவீங்களா? எந்த ஸ்கூல்ல படிச்சீங்க? வாங்க போர்டுக்கு!"

அவள் வெளுத்து வாங்க, அத்தான் தப்புமேல் தப்பாகச் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த மனுஷன் பேங்கில் வேலை பார்க்கிறார்.

மே 26

எழுத்து வேலை முடிந்தது. அத்தானைக் கூப்பிட நேரமில்லை. மறுபடி அட்டை கிடைக்கத் தவம்.

மே 28

கிடைத்தது. ஓடுகிறது.

ஜூன் 3

பள்ளி திறந்தது. நான் கடைசியில், தலைமை ஆசிரியைக்குப் பக்கத்தில். அக்கா பேச ஆரம்பித்தாள், திரையில் வரிகள் ஓடின. ஓரிரு இடத்தில் தப்பு. திரும்பிப் பார்த்து, போர்டில் திருத்தி எழுதிவிட்டு மேலே போனாள்.

பின்வரிசையில் ரெண்டு பேர் அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா நிறுத்தினாள். பேசினாள். திரையில் பெரிய எழுத்தில் வந்தது: "கடைசி பெஞ்ச், அப்படி என்ன சிரிப்பு? எழுந்து நின்னு எல்லாருக்கும் சொல்லுங்க, நாங்களும் சிரிக்கிறோம்."

ரெண்டு பேரும் நோட்டுக்குள் தலையைப் புதைத்தார்கள்.

தலைமை ஆசிரியை எழுந்தார். "நூலகத்துக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் வராந்தாவுக்கு வந்து அழுதேன். அழுதேன் என்றே எழுதிவைக்கிறேன், யார் என்ன சொல்லப் போகிறார்கள்.

ஜூன் 9

கம்பெனியிலிருந்து மெயில். மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறார்களாம், எட்டு அட்டைக்கும் அனுமதியாம். போடா.

படித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அக்கா.

"வேலை முடிஞ்சுதே, அந்த வாடகை மெஷினை அணைச்சியா இல்லையா? வீட்டுலயும் லைட்டை எரியவிட்டுட்டுத்தானே போவே. இன்னைக்கு ஏழாம் வகுப்புல ஒருத்தன் அத்தான் மாதிரியே கூட்டறான்டா, அதே ஐந்தில் ரெண்டு! ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. வெறுங்கையோட வராதே. என்ன, கேட்டுட்டிருக்கியா? நீ என்ன முட்டாளா?"

"இல்லக்கா."

வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. போனில் ஏது திரை?