தேங்காய்நார் மீசை

ஜூலை 7, திங்கள்

ஏழாம் வகுப்புக்கு ‘உரையாடல் எழுதுதல்’ பாடம். பழைய காலுறை கொண்டு வாருங்கள், பொம்மை செய்து பேச வைப்போம் என்று சொல்லியிருந்தேன். துவைத்துக் கொண்டு வரச் சொல்ல மறந்துவிட்டேன். பி.எட்.டில் இதையெல்லாம் யார் சொல்லித் தந்தார்கள்? எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துத்தான் பாடம் நடந்தது.

கண்ணுக்குச் சட்டைப் பொத்தான், முடிக்குக் கம்பளி நூல். ஜெரிஷ் தன் விரலையும் சேர்த்தே ஒட்டிக்கொண்டான். ரிஃபா மட்டும் தனியாக உட்கார்ந்து செய்தாள். ஜூனில் மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை. முதல் வாரம் வாசிக்கச் சொன்னபோது மலையாளம் கலந்து வந்தது, வகுப்பே சிரித்தது. அன்றைக்கு மூடிய வாய். பெயர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குகிறாள்.

ஜூலை 8

புதுக்கடை பஸ் ஸ்டாப்பில் ரிஃபாவின் அம்மா ஹமீதா பீவி.

“வீட்டுல வாய் ஓயமாட்டா டீச்சர். இஞ்ச சரியாவல்லைன்னா வேற ஸ்கூலுக்கு மாத்தணும்னு அவ வாப்பா சொல்லுதாவ.”

“கொஞ்ச நாள் பொறுங்கோ” என்றேன். பஸ் வந்து காப்பாற்றியது.

ஜூலை 10, வியாழன்

என் பழைய புடவையை வகுப்பு மூலையில் இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கிடையே குறுக்காகக் கட்டித் திரையாக்கினேன். பேசுகிறவர் முகம் தெரியாது, பொம்மை மட்டும் தெரியும். “யார் முதலில்?” என்றதும் ரிஃபா எழுந்து பின்னால் போனாள். என்னால் நம்பவே முடியவில்லை.

திரைக்கு மேல் ஒரு வழுக்கைத் தலை எழும்பியது. தேங்காய்நார் மீசை.

“ஏலே, வராண்டாவுல ஓடாத! பள்ளிக்கூடமாக்கும் இது! நானாக்கும் சொல்லுதேன்!”

தலைமையாசிரியர் செல்வதாஸ் சார்! அச்சு அசல் அவர் குரல். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் — எழுத வெட்கமாக இருக்கிறது — கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

திடீரென்று எல்லாச் சிரிப்பும் நின்றது. வாசலில் செல்வதாஸ் சார். திரைக்குப் பின்னால் இருந்தவளுக்கு எப்படித் தெரியும்? இன்னும் இரண்டு ‘ஆக்கும்’ வந்தது.

பொம்மையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மீசை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “நாளைக்குக் காலையில இந்தப் பிள்ள என் ரூமுக்கு வரட்டு.”

ராத்திரி என்னையே திட்டிக்கொண்டேன்: ஏட்டி ஜெப்சி, உனக்கு இது வேணுமா? அவ வாயத் திறந்த அன்னைக்கேயா இப்படி நடக்கணும்? இனி அந்தப் பிள்ள பேசுமா?

ஜூலை 11, வெள்ளி

ரிஃபாவோடு நானும் சார் ரூமுக்குப் போனேன். “தப்பு என்னுடையது சார்” என்று ஆரம்பித்தேன். கையமர்த்திவிட்டார். மேசைமேல் பொம்மை.

“மீச சரி. பேச்சு தப்பு. நான் எதுக்கெடுத்தாலும் ‘ஆக்கும்’ சொல்லுவேனா மக்கா?”

ரிஃபா தரையைப் பார்த்தாள். போச்சு, என்று நினைத்தேன்.

“சொல்லுவீங்கோ சார்.”

“நான் அப்படிப் பேசுறவனே இல்லையாக்கும்.”

“இப்பமும் சொன்னீங்கோ.”

சார் கிளார்க்கைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தை ஃபைலால் மறைத்திருந்தார், ஃபைல் குலுங்கியது.

“அது... பழக்கமாக்கும்” என்றவர், தன் வாயையே பொத்திக்கொண்டார். பிறகு பொம்மையை அவளிடம் நீட்டினார். “நல்லா கவனிச்சிருக்க. ஆனா வழுக்க இவ்வளவு இல்ல.”

“பின்னால இருந்து பாத்தா உண்டு சார்.”

மேற்கொண்டு ஏதும் சொல்லுமுன் அவளை வெளியே இழுத்து வந்தேன். வராண்டாவில் இரண்டு பேரும் ஓடினோம்.

ஜூலை 15

ரிஃபா “உள்ளேன் டீச்சர்” என்றாள். நான் அடுத்த பெயரைக் கூப்பிட மறந்து நின்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சாயங்காலம் ஹமீதா பீவி போன். “ஸ்கூல் மாத்தல்ல டீச்சர். அவ வாப்பா வீடியோ கால்ல சிரிச்சுச் சிரிச்சு இருமுதாவ. நீங்களே கேளுங்கோ.”

கேட்டேன். “பிள்ளைகளே, அமைதி! அமைதின்னா என்ன? அமைதின்னா அமைதி!” தூரத்தில் ரிஃபா, என் குரலில். குடும்பமே சிரித்தது.

நான் அப்படியா பேசுகிறேன்? என் வீட்டுக்காரர் ஷாஜனிடம் கேட்டேன். அவர் நேராக முற்றத்துக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.