சீனி போடாத டீ

அக்கா,

இன்றைக்குச் சாயங்காலம் எங்கள் அப்பா சீனி போடாத டீ கேட்டார். அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. எனக்குத்தான் இருக்கிறது.

கொத்தமங்கலத்திலிருந்து அத்தை வந்திருக்கிறார். அம்மா அடுப்படியில் எல்லோருக்கும் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அப்பா கூடத்தில் இருந்தபடியே, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்க, "எனக்குச் சீனி வேணாம். சுகர் இருக்குன்னு சொல்லிட்டாக" என்றார். அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எப்போதிருந்து என்று கேட்டார். இப்போதுதான், ஆரம்பம்தான் என்று அப்பா சொன்னார். உடனே அத்தை பாகற்காய்ச் சாறு, வெந்தயம், நாவல் கொட்டைப் பொடி என்று ஆரம்பித்துவிட்டார். "இனிமே எங்க வீட்டுக்கு வந்தீகன்னா பலகாரச் செலவு மிச்சம்ணே" என்று கேலியும் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவின் கை மட்டும் சீனி டப்பாவின் மேல் அப்படியே நின்றது. பிறகு மூடியை அழுத்தி மூடினார். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

எனக்குக் கை நடுங்கியது. சுகர் இறங்கிவிட்டதோ என்று உள்ளே போய் விரலில் குத்திப் பார்த்தேன். இறங்கவில்லை. அது வெறும் பயம்.

உன் அப்பா குடித்த டீ எனக்கு ஞாபகம் வந்துவிட்டது அக்கா. அதனால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் உட்கார்ந்து, கணக்கு ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு யாரிடம் இதைச் சொல்ல முடியும்?

நாம் முதலில் பார்த்துக்கொண்டது மதுரையில், குழந்தைகள் ஓ.பி. பெஞ்சில். எனக்கு அப்போதுதான் நோய் வந்திருந்தது. ஊசிக்குப் பயந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த நீ உன் இன்சுலின் மருந்துக் குப்பியை என் மூக்கருகே நீட்டி, "மோந்து பாரு. இது நம்ம சென்ட்டுடி. காசு குடுத்தாலும் மத்த பிள்ளைகளுக்குக் கெடைக்காது" என்றாய். பிளாஸ்திரியும் பினாயிலும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நான் அழுகையை நிறுத்திவிட்டு மூக்கைச் சுளித்தேன். அதற்கு நீ சிரித்தாய்.

அந்தச் சமயத்தில்தான் உன் அம்மா எந்த ஊர் என்று கேட்டார்கள். காரைக்குடி என்று என் அம்மா சொன்னதும் இரண்டு பேர் முகமும் மாறிவிட்டது. நாங்களும் காரைக்குடிதான் என்று நீ சந்தோஷமாகக் கத்தினாய். அம்மாக்கள் இருவரும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஊருக்குள் எங்கே பார்த்தாலும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. பொம்பளைப் பிள்ளைகள், நாளைக்கு ஒரு இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் காரணம். எனக்கு அப்போது ஒன்பது வயது. உனக்குப் பன்னிரண்டு.

அதற்குப் பிறகு மதுரை பஸ்ஸில் ஏறினால் நீ முன்னால், நான் பின்னால். திருப்பத்தூர் தாண்டியதும்தான் சேர்ந்து உட்காருவோம். அதற்கு அங்குட்டு நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நீ மடியில் வைத்திருக்கும் நீலப் பிளாஸ்க்கைத் திறந்து ஐஸ் உருகிவிட்டதா என்று பார்ப்பாய். மருந்து சூடு பட்டால் செத்துப்போகும் என்று ஓ.பி. சிஸ்டர் நமக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஊருக்குள் கடைத்தெருவில் எதிரே வந்தால், யாருக்கும் தெரியாமல் வயிற்றில் ஊசி போடும் இடத்தை விரலால் தொட்டுவிட்டு நேராகப் பார்த்தபடி போய்விடுவாய். அதுதான் உன் வணக்கம். நானும் தொடுவேன். அன்றைக்கு முழுக்க எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

உனக்குப் பதினெட்டு ஆனதும் மதுரை டாக்டர் உன்னைப் பெரியவர்கள் ஓ.பி.க்கு மாற்றினார். இனிமேல் நம் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம், மருந்தும் அங்கேயே கிடைக்கும், அலைச்சல் இல்லை என்று நல்லபடியாகத்தான் சொன்னார். சிஸ்டர் உன்னைக் கட்டிக்கொண்டார். நீயும் சந்தோஷமாகத்தான் போனாய்.

அந்த முதல் நாளைப் பற்றி என் டியூஷன் தெருமுனையில் நின்று நீ சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். நீ அதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னாய். வரிசை முழுக்கத் தாத்தாக்கள். ஒருவர் காலில் கட்டு. இன்னொருவர் உன்னைப் பார்த்து, வயசுப் பிள்ளை நிற்கிறது, முன்னால் விடுங்கள் என்றாராம். உன் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். குழந்தைகள் ஓ.பி.யில் எல்லாக் கேள்விக்கும் அம்மாதான் பதில் சொல்வார்கள். இங்கே நீ தனியாகப் போய்ச் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் நின்றாய். அந்த நேரம் பின்னால் உங்கள் மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிற மாமா வந்து நின்றாராம். ஜன்னலில் இருந்தவர் கேட்டார்.

"டோக்கன் யாருக்கும்மா?"

நீ, "அப்பாவுக்கு" என்று சொல்லிவிட்டாய்.

சொல்லிவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாய். மாமா விடவில்லை. "சாருக்கா சுகரு? சொல்லவே இல்லையே" என்று கூடவே வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது ஆளாளுக்கு உன் அப்பாவிடம் நலம் விசாரித்தார்கள். உன் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உன் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. "ஆமா, கொஞ்சம் இருக்கு" என்று அங்கேயே ஒத்துக்கொண்டார்.

அன்றையிலிருந்து உன் அப்பா போகிற இடத்தில் எல்லாம் சீனி இல்லாத டீ குடித்தார். கல்யாண வீட்டில் பாயசத்தை ஒதுக்கினார். பள்ளிக்கூடத்தில் சக வாத்தியார்கள் அவருக்கு வரகரிசி வாங்கிக் கொடுத்தார்களாம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொள்வார் என்று நீ நடித்துக் காட்டினாய். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அப்புறம் திடீரென்று நிறுத்திவிட்டு, "'எனக்கு'ன்னு ஒரு வார்த்தைடி. வாயில வரல. இனி எப்படி அங்க போய் நிப்பேன்?" என்றாய்.

நீ போகவே இல்லை. நம் ஊர் ஆஸ்பத்திரிக்கென்று டாக்டர் கொடுத்த கடிதம் உன் வீட்டு பீரோவிலேயே கிடந்தது. உன் அப்பா திருப்பத்தூரில் ஒரு மெடிக்கலில் தனக்கென்று சொல்லி உன் மருந்தை வாங்கி வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. வாத்தியார், மரியாதையான ஆள், அவருக்கு சுகர். யார் கேட்கப் போகிறார்கள்?

போன சித்திரையில் ஒருநாள் நீ என்னைப் போனில் கூப்பிட்டாய். தொண்டை காய்ந்த குரல். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறேன், மருந்தைக் கூட்டிக் கூட்டிப் போடுகிறேன், இறங்கவே மாட்டேன் என்கிறது என்றாய். சிஸ்டருக்குப் போன் போடு அக்கா என்று நான் கெஞ்சினேன்.

"அங்க இனிமே கேக்கக் கூடாதுடி. நான் இப்ப அவுக பிள்ளை இல்லையே."

அதுதான் நான் கேட்ட உன் கடைசிக் குரல். மறுநாள் வாந்தி, பிறகு மயக்கம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உனக்கு நினைவில்லை என்றார்கள். இரண்டாம் நாள் நீ இல்லை.

உன் அடக்கத்துக்கு நான் வந்திருந்தேன், உனக்குத் தெரியாது. சிறப்பு வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். உன் அப்பாவின் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். என் சீருடையும் அவர்கள் சீருடையும் ஒரே நீலம். அவர்களுக்கு நடுவே புகுந்துகொண்டேன். விஷக் காய்ச்சல் என்று பேசிக்கொண்டார்கள். உன் அப்பா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் தட்டில் டீ கொண்டுவந்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, ஒரு டம்ளரை மட்டும் தனியாக எடுத்து, "சாருக்குச் சீனி போடாம தனியா கொண்டாந்திருக்கேன்" என்று அவர் கையில் வைத்தார்.

உன் அப்பா அந்த டம்ளரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குடித்தார் அக்கா. நீ போன பிறகும் குடித்தார். அங்கே இருந்த அத்தனை பேரில் அந்த டீ என்னவென்று உன் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

சில வாரம் கழித்து, என்னுடைய ஓ.பி. நாளில், உன் அம்மா மதுரைக்கு வந்து நம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நீலப் பிளாஸ்க்கை என்னிடம் கொடுத்தார்கள். உன் அப்பாவுக்கு இது எதற்கு என்றே தெரியாதாம். அவர் ஒரு தடவைகூட இங்கே வந்ததில்லையே. மருந்தை வாங்கி வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, அந்த வெயிலில் கடைகடையாக ஏறி இறங்கி வந்திருக்கிறார். "ஊசியெல்லாம் எம்புள்ள ஒழுங்காத்தான் போட்டா. மருந்துல உசுரு இல்ல" என்று உன் அம்மா சொன்னார்கள். நோயின் பெயரை மட்டும் அவர் வாங்கிக்கொண்டார். மற்றது எதுவும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. சிஸ்டர் அழுதுவிட்டார். எந்த வயதானால் என்ன, என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

செத்த மருந்தும் அதே வாசனைதான் அடிக்கும் அக்கா. மோந்து பார்த்தால் தெரியாது. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இப்போது என் முறை. அடுத்த மாதம் எனக்குப் பதினெட்டு. வருகிற செவ்வாய்க்கிழமை மதுரையில் எனக்குக் கடைசி நாள். உனக்கு நடந்ததற்குப் பிறகு டாக்டர் வெறும் கடிதத்தோடு யாரையும் அனுப்புவதில்லை. பெரியவர்கள் ஓ.பி. டாக்டரிடம் அவரே போனில் பேசியிருக்கிறார். முதல் நாள் சிஸ்டரே கூட வருவதாகச் சொன்னார். என்னைத் தனியாகப் பேசப் பழக்க வேண்டும் என்று போன தடவை அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார்கள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தவ தெரிஞ்சுக்கக் கூடாத விசயம் என்ன இருக்கு?" என்று அங்கேயே கண்ணைத் துடைத்தார். நான் என்ன மருந்து, எவ்வளவு போடுகிறேன் என்று டாக்டர் கேட்டதற்கு, எல்லாம் தெரிந்தும், எனக்கு வாய் திறக்கவில்லை.

போன வாரம் பெரியப்பா வந்து பேசினார். ஊர் ஆஸ்பத்திரி வேண்டாம், அங்கே நம் சனம் பாதி நிற்கும், நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள் என்றார். அப்பா மரவேலை செய்கிறவர். வீடு வீடாக அடுப்படி அலமாரி அடித்துக் கொடுப்பவர். அவருக்கு ஊர் முழுக்கப் பழக்கம். அவர் இன்றைக்குச் சீனி வேண்டாம் என்று சொன்னதுதான் பெரியப்பாவுக்குப் பதில். மருந்தை எங்கே வாங்கலாம் என்று பெரியப்பா அம்மாவிடம் சொன்னதும் அதே திருப்பத்தூர் மெடிக்கலைத்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லா அப்பாக்களும் ஒரே வழியில் எப்படிப் போகிறார்கள்?

அப்பாவிடம் பிளாஸ்க்கைக் கொடுத்து, மருந்தை இதில் வைத்துக் கொண்டுவாங்கப்பா என்று சொன்னால் போதுமா என்று யோசித்தேன். போதாது. மருந்து உயிரோடு வரும். எனக்குக் காய்ச்சல் வந்தால், சுகர் ஏறினால், கேட்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். நான் யாருடைய பிள்ளையும் இல்லாமல் ஆகிவிடுவேன். உன்னை மாதிரி.

பயமாக இருக்கிறது அக்கா. சாவதற்கும் பயமாக இருக்கிறது, அப்பாவை எல்லோர் முன்னாலும் பொய்யராக்குவதற்கும் பயமாக இருக்கிறது. அவர் எனக்காகத்தான் அந்த டீயைக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு, யாரும் பார்க்காத நேரம், என் தலையை ஒரு தடவை தடவிவிட்டுப் போனார். அவரை நான் எப்படித் தடுப்பது?

அத்தை நாளைக்கு மதியம்தான் ஊருக்குப் போகிறார். காலை டீ நான் போடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அப்பாவின் டம்ளரில் சீனி போடுவேன். நிறையப் போடுவேன், அத்தை பார்க்கும்படி போடுவேன். அவருக்குச் சுகராச்சே, உனக்கென்ன கிறுக்கா பிடித்திருக்கிறது என்று அத்தை கேட்பார். அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் சொல்ல முடிந்தால் ஜன்னலிலும் சொல்வேன்.

பிளாஸ்க் இப்போது என் மடியில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் நம் சென்ட் வாசனை இன்னும் போகவில்லை. வாயை அதற்குள் வைத்து, யாருக்கும் கேட்காமல் சொல்லிப் பார்த்தேன். முதலில் காற்றுதான் வந்தது. மறுபடி சொன்னேன். நீ அந்த ஜன்னலில் விட்டுவிட்டு வந்த வார்த்தைதான் அக்கா. அதை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

எனக்கு. எனக்குத்தான்.