நான் போடாத சிவப்பு வட்டம்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலமா என்று கேட்க வாய் வரவில்லை. முதலில் நல்ல சேதி. உன் மகள், நம் வாலு, இன்று காலை கண் விழித்து இரண்டு வாய் பால் குடித்தாள். ஆக்ஸிஜன் குழாய் இன்னும் மூக்கில்தான் இருக்கிறது.

வேலை ஒப்பந்தம் முடியாமல் உன்னால் வெளிநாட்டிலிருந்து கிளம்ப முடியாது. செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கள் போனையும் எடுப்பதில்லை. வார்டு நர்ஸிடம் மட்டும் கேட்டுக்கொள்கிறாய். உன் மேல் தப்பில்லை. "உள்ளத உள்ளபடி எழுதிடுங்க" என்றாள் உன் அண்ணி. எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வாலுவுக்குக் காய்ச்சல் வந்தது. அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஃப்ளூ. டாக்டரிடம் காட்டலாம் என்று அண்ணி மறுநாளே சொன்னாள். நான்தான் மேதாவி ஆயிற்றே! பதினெட்டு வருடமாக லேபில் ஊரார் ரத்தத்தைச் சோதிக்கிறவன், மருமகள் ரத்தத்தைச் சோதிக்க மாட்டேனா? அவளை லேபுக்கே கூட்டிப்போனேன். "மாமா, பயமா இருந்தா நீங்க கண்ண மூடிக்குங்க" என்று கையை நீட்டினாள்.

வெள்ளையணுக்கள் குறைவாக இருந்தன. எண்ணிக்கை ஏறியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டு டாக்டரைக் கூப்பிடுவது எங்கள் லேப் வழக்கம். குறைந்தால் வெறும் வைரஸ் காய்ச்சல், தானாகப் போய்விடும் என்பது என் கணக்கு. வட்டம் போடவில்லை. உன்னிடமும் போனில், நானே டெஸ்ட் பண்ணிவிட்டேன், சளிதான் என்று பெருமையடித்தேன். இரண்டு நாள் போயிற்று. திங்கட்கிழமை அவள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா உள்வாங்கியது. உதடு நீலமாகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டர் அந்த ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, யார் எழுதியது என்று கேட்டார். நான் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "கொறஞ்சதுதாங்க ஆபத்து. கிருமியோட சண்டை போடற அணுக்கள் ரத்தத்துல பாதிகூட இல்ல. செத்தது போக மிச்சம் நுரையீரலுக்குள்ள போய்க் கண்மண் தெரியாம அடிச்சுக்கிட்டிருக்கு. கிருமியால பாதிப் புண்ணு, இந்தச் சண்டையால பாதி" என்றார். பிழைத்துக்கொள்வாளாம். நுரையீரல் பழையபடி ஆகுமா என்று கேட்டதற்கு, ஆறு மாதம் போகட்டும் என்றார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று லேபில் ஆறுதல் சொல்கிறார்கள். சறுக்கியது நான். அடிபட்டது அவள்.

இதையெல்லாம் மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எனக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னு அம்மா கோவமா இருக்காங்களா?" என்பதுதான். நீ பேசாதது தன் மேலுள்ள கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லையம்மா, மாமா மேல்தான் என்றேன். நம்பவில்லை.

இது கையில் கிடைத்ததும் அண்ணி போனுக்கு ஒரு முறை கூப்பிடு தாயே. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாலு முழித்திருப்பாள். அந்த நேரம் நான் அறையில் இருக்க மாட்டேன். வெளியே படிக்கட்டில் இருப்பேன். நீயும் உன் மகளும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாலுவின் மாமா