பச்சைக் கன்னம்

ஜூலை 8, செவ்வாய்

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். புவியியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

கனகா மிஸ் நூலகப் பீரோவிலிருந்து ஒரு புத்தகம் கொடுத்தார். பிரான்ஸ் ஓவியர் ஒருவருடைய வண்ணப் படங்கள், பென்சில் படங்கள். தூக்கினால் கை வலிக்கிறது. திங்கட்கிழமை திருப்பித் தரவேண்டும், ஒரு பக்கம்கூட மடங்கக் கூடாது என்றார். அப்பா பீங்கான் கம்பெனியிலிருந்து கொண்டுவருகிற கீறல் விழுந்த பொம்மைகளின் அட்டைப்பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். அதை யாரும் திறப்பதில்லை.

போன வருடம் எதிர்வீட்டு திலீபன் அண்ணன் சைக்கிளில் சாய்ந்து நிற்பதை வரைந்தேன். நிற்கிற விதம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். படம்தானேப்பா என்றேன். அப்பா நோட்டை அடுப்பில் போட்டார். "இன்னொரு தபா படம் கிடம்னு பாத்தேன், ஸ்கூலுக்கே போவ வேணாம்." அதற்குப் பிறகு நான் வரைவதில்லை.

பொய். வரைகிறேன்.

ஜூலை 9, புதன்

பாதிப் புத்தகம் பார்த்தேன். ஒரு பெண்ணின் முகம். கன்னம் முழுக்கப் பச்சை. நோயாளி மாதிரி இல்லை. தள்ளி வைத்துப் பார்த்தால் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். கிட்டே வந்தால் மறுபடி பச்சை. ஏன்?

பின்னால் பென்சில் படங்கள். குளித்த ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். உடம்பில் துணி இல்லை. சட்டென்று மூடினேன். திரும்பத் திறந்தேன். அசிங்கமாகத் தெரியவில்லை — அம்மா துணி துவைத்துவிட்டு உட்காருகிற மாதிரி, களைத்த முதுகு. அப்படி நினைக்கலாமா? தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

புத்தகம் காணோம். பெட்டிக்குள் புதிதாக ஒரு கீறல் பொம்மை இருக்கிறது. அப்பாதான்.

ஜூலை 11, வெள்ளி

சாப்பிடும்போது அப்பா குழம்பில் உப்பு இல்லை என்றார், அவ்வளவுதான். திட்டினால்கூடப் புரியும். அந்த முதுகையும் பார்த்திருப்பாரா? நான் எப்படிக் கேட்பது?

ஜூலை 12, சனி

அம்மா கேட்டாள்: "ஒங்கப்பாகிட்ட என்னாடி சொன்ன? ரெண்டு நாளா பெரிய பையா தூக்கினு போறாரு."

சூளையில் போட்டுவிட்டாரோ. நேற்றே போட்டிருந்தால் இன்றைக்குப் பை எதற்கு? ஸ்கூலை நிறுத்திவிடுவாரா? மிஸ்ஸிடம் என்ன சொல்வேன்?

ஜூலை 13, ஞாயிறு

கம்பெனி லீவு. அப்பா கூப்பிட்டார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார், செய்தித்தாள் சுற்றியிருந்தது. அடி விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன். பச்சைக் கன்னப் பக்கத்தைத் திறந்தார்.

"இது சூளைக்குப் போவறதுக்கு முந்தி எடுத்த படமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அப்பா பொம்மைகளுக்குக் கலர் போடுகிறவர். அங்கே சாம்பலாகப் பூசுவது வெந்து வந்தால் நீலமாகிவிடும். பூசும்போது தெரிகிற நிறம் நிறமே இல்லை.

"வெந்தது எந்தப் பக்கத்துல இருக்குது? ரெண்டு நாளா தேடறேன்."

வெந்தது கிடையாதுப்பா, இதுவேதான் என்றேன். அவர் ரொம்ப நேரம் அந்தக் கன்னத்தையே பார்த்தார்.

"அப்ப தெரிஞ்சேதான் பச்ச போட்டிருக்கான்."

புத்தகத்தை என் கையில் கொடுத்தார். குளித்தவளின் பக்கத்தில், தோளுக்கு அருகே, ஒரு களிமண் கட்டைவிரல் ரேகை. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார். உடனே தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் புத்தகத்தை மூடினேன். கோபமா, வெட்கமா? எனக்கா, அவருக்கா?

ஜூலை 14, திங்கள்

ரேகையைப் பார்த்த மிஸ்ஸிடம் என் கை பட்டுவிட்டது என்று சொன்னேன். "இவ்ளோ பெரிய கட்டவிரலா ஒனக்கு?" என்றார். நாளைக்கு வீட்டிலிருந்து யாராவது வரவேண்டுமாம்.

செத்தேன். மிஸ் முன்னால் அப்பா அந்தப் பக்கத்தைப் பார்த்தாகவேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

வேலைக்குப் போகும் வழியில் அப்பா வந்தார். செருப்பை நூலக வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வராமல் நின்றார். "என் கைதாங்க. தொடச்சுட்டுதான் தொட்டேன்."

இந்தப் புத்தகம் பிள்ளை கையில் இருந்ததில் உங்களுக்கு வருத்தமில்லையே என்று மிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். என்னால் தரையைத்தான் பார்க்க முடிந்தது.

"படந்தானுங்களே."

அதேதானே நானும் போன வருடம் சொன்னேன்.

ஜூலை 19, சனி

அப்பா உடைந்த ஓடு ஒன்றில் ஏதோ பூசிக் கொண்டுவந்து காட்டினார். ஒரே சாம்பல். யார், என்ன, ஒன்றும் தெரியவில்லை. கேட்டேன். "வேவட்டும்" என்று திரும்ப எடுத்துப் போய்விட்டார்.

ஜூலை 24, வியாழன்

ஓடு வெந்து வந்துவிட்டது. இரட்டைப் பின்னல் என்னுடையது. மூக்கு கோணல். கன்னம் பச்சை.

அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். "சரியா வந்துருக்குதா?"

என்னைப் போய்க் கேட்கிறார். மூக்கு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அவர் பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார்.

"எப்டின்னு போட்டுக் காட்டு."

இந்த நோட்டில்தான் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.