பெர்லினில் உனக்கு நான் வாங்கிக் கொடுத்த வேலை

தலோமோ, டாவோ
அக்டோபர் 9

அன்புள்ள டோங்,

ஆண்டவர் கிருபையில் நாங்கள் இங்கே சௌக்கியம், அதாவது உன் அப்பாவின் முதுகையும் என் வாயையும் கழித்துவிட்டால் மீதியெல்லாம் சௌக்கியம். நீயும் அந்தக் குளிரில் சௌக்கியமாக இருக்க வேண்டும், காலுறை இரண்டு போட்டுக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இரண்டு நாளைக்கு ஒரு தடவை போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் கடிதம் எழுதுகிறாளே, புத்தி பிசகிவிட்டதா என்று நினைப்பாய். இதைப் போனில் சொல்ல மூன்று முறை ஆரம்பித்தேன், மூன்று முறையும் மீன் விலையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். தாளில் எழுதினால் நடுவில் உன் சிரிப்பு கேட்காது, நானும் பேச்சை மாற்ற முடியாது. உன் அப்பா டிரைசைக்கிளை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போயிருக்கிறார், வீட்டில் யாரும் இல்லை, ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். டோங் என்று கொஞ்சாமல் முழுப் பெயரைச் சொல்லியே சொல்கிறேன், ரெனான்டே, உன் அம்மா ஒரு பொய்க்காரி. ஏதோ சில்லறைப் பொய் சொல்கிறவள் என்று நினைக்காதே, ஒரே பொய்யை நாலு வருஷம் சோறு போட்டு வளர்த்து ஆளாக்கியவள்.

நர்ஸிங் மூன்றாம் வருஷத்தில் வெள்ளைச் சட்டையை மடித்து என் கட்டில்மேல் வைத்துவிட்டு, "அம்மா, என்னால முடியலம்மா, நான் பாட்டு பண்ணப் போறேன்" என்று நீ மணிலா பஸ் ஏறினாயே, அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பாடற்குழு நிம்ஃபா என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மூன்று பெண்களும் நர்ஸ், அது உனக்கே தெரியும், உலகத்துக்கே தெரியும், அவள் சொல்லாத ஆள் பாக்கியில்லை. "பையன் படிப்பு எப்படிப் போகுது?" என்று கேட்டாள். நான், "படிப்பெல்லாம் ஆச்சு, இப்ப சவுண்ட் வேலையில இருக்கான்" என்றேன். பார், இதுவரை நான் உத்தமி. அவள் கண்ணை அகல விரித்து, "அல்ட்ராசவுண்டா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் டோங், வாயைத் திறக்கவே இல்லை, ஒரு தலையாட்டல். அந்த ஒரு ஆட்டத்தில் உனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. நீ பாட்டுக்காகப் பெர்லினுக்குப் போனபோது உன்னோடு சேர்த்து ஆஸ்பத்திரியையும் பெரிதாக்கினேன். போன ஈஸ்டருக்குள் ஸ்கேன் பிரிவுக்கே உன்னைத் தலைவனாக்கிவிட்டேன். நீ அங்கே வியட்நாம்காரர் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவிக்கொண்டிருக்க, இங்கே உனக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்த்தார்கள்.

தலைவன் என்றால் சும்மா விடுவார்களா, வயிற்றுப் பிள்ளைக்காரிகள் எல்லாரும் ஸ்கேன் படத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வர ஆரம்பித்தார்கள். "பிரெசிங் அக்கா, இத தம்பிக்கு அனுப்பி ஒரு வார்த்தை கேளுங்களேன்." நான் போனில் படம் பிடிப்பதுபோல் பாவனை செய்வேன். எனக்கு அந்தப் படம் மழை நாளில் புள்ளி புள்ளியாகத் தெரியுமே பழைய டிவி, அது மாதிரிதான் தெரியும். மறுநாள் காலையில் போய், "பாத்துட்டான், எல்லாம் நல்லா இருக்காம்" என்று சொல்லிவிட்டு வருவேன். என் கெட்ட நேரம், ஐந்து குழந்தைகளும் ஒழுங்காகப் பிறந்து தொலைத்தன. தலோமோ முழுக்க உனக்குக் கைராசிக்காரன் என்று பெயர். ஒருத்தி பொரித்த வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள், வெட்கமில்லாமல் தின்றேன்.

நீ அங்கிருந்து அனுப்பிய பாட்டு எதையும் நான் கேட்டதில்லை, இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "கேட்டேன் டோங், அருமையா இருக்கு" என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அந்த லிங்க்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்தால் உனக்கு வெள்ளைச் சட்டை இல்லை என்பது உண்மையாகிவிடும் என்று பயம். பதினாலு வயதில் நீ காசு போட்டால் ஓடும் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்த அந்த டிவ் டிவ் சத்தம் என் காதில் அப்படியே நின்றுவிட்டது. உன் முதல் ஸ்பீக்கரைச் சாக்கடையில் போட்டது நாய் இல்லை, நான்தான். இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன், திரும்ப ஒரு கடிதம் எழுத எனக்குத் தைரியம் வராது.

இனி நடந்ததைக் கேள். நம் பின்வீட்டு ஜோனலின் இருக்கிறாளே, புருஷன் கப்பலில் வேலை, தனியாக இருக்கிறாள், அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். ஆகஸ்ட் கடைசியில் படத்தைக் கொண்டுவந்தாள். நான் வழக்கம்போல மறுநாள், "நல்லா இருக்காம்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது, "பையனாம்" என்று ஒன்றைச் சேர்த்துவிட்டேன். கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லும் வாய் இது. அடுத்த புதன்கிழமை காலை சுகாதார நிலையத்து மருத்துவச்சி கிளெண்டா மேடம் குடையை மடக்கிக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். ஜோனலினுக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை அடைத்துக்கொண்டிருக்கிறதாம், எந்த நேரமும் ரத்தம் கொட்டலாமாம், உடனே பெரிய ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்து ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டுமாம். நாலு நாளாகச் சொல்லியும் இவள் அசையவில்லை. "ஏன் போக மாட்டேங்கறேன்னு கேட்டா, பெர்லின் டாக்டர் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டாருங்கறா. உங்க பையன் எந்த ஆஸ்பத்திரி? நம்பரக் குடுங்க, நான் பேசணும். இப்படி ஒரு படத்தப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னவன் ஜெயிலுக்குப் போக வேண்டியவன்" என்றாள். பார்த்தாயா டோங். நீ ஒன்றும் செய்யாமல் ஜெயிலுக்குப் போகிறாய், அதுவும் நான் கொடுத்த பதவியில்.

கிளெண்டாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், அவகிட்டப் போயி சொல்லுங்க, இப்பவே" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஜோனலின் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "அம்மாடி, என் பையன் டாக்டரே இல்ல, அவன் பாட்டு பண்றவன்" என்றேன். அவள் சிரித்தாள். "போங்கக்கா, மேடம் உங்களப் பயமுறுத்திக் கூட்டிட்டு வந்திருக்காங்க. தம்பி சொன்னது பலிச்சு அஞ்சு பேருக்குப் பொறந்திருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்க?" எத்தனை சத்தியம் செய்தும் நம்பவில்லை. நாலு வருஷம் பொய் சொன்னபோது ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை, வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் உண்மை சொன்னேன், அன்று பார்த்து நான் பொய்க்காரி. அவளை நம்ப வைக்க என் கையில் வேறு எதுவும் இல்லை. போனை எடுத்தேன். ஜூலையில் நீ அனுப்பியிருந்தாயே, ஏதோ பழைய தொழிற்சாலையில் விடிய விடிய நடந்ததாகச் சொன்ன நிகழ்ச்சி, அதைத் திறந்தேன்.

முதலில் ஒரே புகை. நான் தீ விபத்து என்று நினைத்தேன். அப்புறம் உயரம் உயரமாக வெள்ளைக்காரர்கள், முழங்காலை அகட்டிக் குந்தியபடி நம் ஊர் புடோட்ஸ் ஆட்டம் ஆடப் பார்க்கிறார்கள், கக்கூஸுக்கு அவசரமாக வரிசையில் நிற்கிறவர்கள் மாதிரி இருந்தது. கிளெண்டாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நீ. கையில்லாத பனியன், ஒரு காதில் மட்டும் பாட்டுக் கேட்கிற அந்தக் கருவி, மேஜைமேல் குனிந்து பொத்தான்களைத் திருகிக்கொண்டு. பாட்டு ஏறிக்கொண்டே போகிறது, ஏறிக்கொண்டே போகிறது, திடீரென்று நீ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். அத்தனை பேரும் உன் கையையே பார்க்கிறார்கள். நீ ஒரு சின்னச் சிரிப்பு சிரித்துவிட்டு கையை இறக்கியதும் அந்த டிவ் டிவ் இடி மாதிரி விழுந்தது பார், ஜோனலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டே, "அக்கா! இது அண்ணன் வண்டில தினம் போடற பாட்டாச்சே!" என்று கத்தினாள். ஆமாம், உன் அப்பா. ஒன்றரை வருஷமாக உன் பாட்டை வண்டியில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றுகிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அந்த வண்டிக்குத்தான் காத்து நிற்கிறார்களாம். "அந்த இழவெடுத்த சத்தத்த நிறுத்துங்க" என்று தினமும் வாசலில் நின்று கத்தியது யார், நான்தான். பிறகு கேட்டதற்கு, "யாரோட பாட்டுன்னு நீ ஒரு நாளும் கேக்கலியே" என்கிறார் அந்த மனுஷன்.

சிரிப்பு அடங்கியதும் ஜோனலின் என்னையே பார்த்தாள். "அப்ப என் படத்த யாருக்கா பாத்தது?" என்றாள். "நான்தான்" என்றேன். "உங்களுக்கு என்ன தெரியும்?" "ஒண்ணும் தெரியாதும்மா." அவள் கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியில் போட்டாள். உள்ளே போய்ப் பையில் இரண்டு துணியை வைத்துக்கொண்டு வந்து வண்டியைக் கூப்பிடச் சொன்னாள். உன் அப்பாதான் ஓட்டினார், அன்று மட்டும் பாட்டுப் போடவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் கூட நான் தங்கினேன், வேண்டாம் என்றாள், இருந்தும் தங்கினேன். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கஞ்சி வாங்கிக்கொண்டு வருகிறேன், படுக்கையெல்லாம் ரத்தம். ஓடிக் கத்தி ஆள் கூப்பிட்டேன், அவளைக் கட்டிலோடு உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே நான் இரண்டு மணி நேரம் நின்றேன். ஜெபமாலை கையில் இருந்தது, ஜெபம் வரவில்லை, என்ன முகத்தோடு கேட்பது. குழந்தை பிழைத்தது, தாயும் பிழைத்தாள். வெளியே வந்த டாக்டரம்மா, "நேத்தே வந்தீங்களோ பொழச்சீங்களோ, வீட்டுல இருந்திருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இவ்வளவு நேரம் என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டு எழுதினேன், இந்த இடத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஜோனலின் பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்து, "இந்தாங்க, நீங்க சொன்ன பையன்" என்றாள். பெண் குழந்தை, நல்ல மூக்கு. கிளெண்டா எனக்கு ஒரு தண்டனை கொடுத்திருக்கிறாள். புதன்கிழமைதோறும் சுகாதார நிலையத்தில் போய் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் என் கதையை என் வாயாலேயே சொல்லி, மருத்துவச்சி பேச்சைக் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். நாலு புதன் ஆகிவிட்டது. நன்றாகவே சொல்கிறேன், இரண்டு இடத்தில் கொஞ்சம் மெருகேற்றியும் இருக்கிறேன். நிம்ஃபா கோயிலில் எல்லார் முன்னாலும், "என்ன, உன் ஸ்கேன் தலைவர் எப்படி இருக்காரு?" என்றாள். "ராஜினாமா பண்ணிட்டாரு" என்றேன்.

இப்போது உன் விஷயம். போன மாதம் ஆரம்பத்தில், கிளெண்டா வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே, நீ, "இரண்டாவது ஆல்பத்த பாட்டுக் கம்பெனி வேண்டாம்னுட்டாங்கம்மா, முதல் ஆல்பம் மாதிரியே இன்னொண்ணு கேக்கறாங்க, எனக்கு அது வரல, பேசாம வந்து நர்ஸிங்கையே முடிச்சிடட்டுமா" என்று கேட்டாய். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. மறுநாளே கல்லூரிக்குப் போய்த் திரும்பச் சேருவதற்கான விண்ணப்பத்தை வாங்கி உன் பெயர், பிறந்த தேதி எல்லாம் அழகாக நிரப்பி, குழந்தை இயேசு சிலைக்கு அடியில் வைத்துவிட்டேன். நாலு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அல்லவா. அந்த விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன், கிழித்துப்போட எனக்கு உரிமை இல்லை, உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நவம்பர் கடைசிவரை நேரம் இருக்கிறது.

ஆனால் ஒன்று கேள். பாட்டு செய்யப் பிடிக்கவில்லை என்றால் வா, வாசலில் நிற்பேன். கம்பெனிக்காரன் வேண்டாம் என்றான் என்பதற்காக வராதே. அந்த வீடியோவை இதுவரை இருபது தடவை பார்த்திருப்பேன். பாட்டில் எனக்கு என்ன புரிகிறது, இன்னும் தலைவலிதான் வருகிறது. நீ கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாயே, அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மூன்று வருஷம் நர்ஸிங் படித்தாய், தினமும் காலையில் உனக்குச் சோறு போட்டு அனுப்பியவள் நான், ஒரு நாளும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அது என் பிள்ளையின் முகம் என்று ஜோனலினின் கொல்லையில்தான் தெரிந்துகொண்டேன். கம்பெனி வேண்டாம் என்ற பாட்டுகள் உன்னிடம் இருக்கும் அல்லவா, அவற்றை எனக்கு அனுப்பு. இந்தத் தடவை திறப்பேன்.

அந்தத் தட்டு கழுவும் தண்ணீரில் கை வெடித்துப் போகாமல் எண்ணெய் தடவிக்கொள். இடி மாதிரிச் சத்தத்துக்கு நடுவில் நிற்கிறாய், இன்னொரு காது சும்மா திறந்து கிடக்கிறது, அதில் பஞ்சாவது வை. மாதாவும் எல்லாப் புனிதர்களும் உன் கூடவே இருக்கட்டும், உன் கை எடுத்த காரியம் துலங்கட்டும்.

உன்னை முதல் முறையாகக் கேட்ட,
உன் அம்மா
பிரெசிங்